இறைவாக்கும் அரசாணையும்: கிறிஸ்து சமய, இஸ்லாம் சமய வரலாறுகளின் ஒப்புநோக்கு

உலகிற் பெருவழக்காக நிலவும் சமயங்களுள் கிறிஸ்து சமயமும் இஸ்லாம் சமயமும் ஆபிரகாமைத் தம் முன்னோராகப் போற்றுவன. கடவுள் ஒருவரே என்று சாதிப்பன. அக்கடவுள் தம் திருவுள்ளத்தைச் சொல்லால் வெளிப்படுத்தினர் என்று கொள்வன. இவ்விரண்டையும் ஒப்புநோக்கப் புகுவார் பெரும்பாலும் அவற்றின் கொள்கைகளை மட்டும் நிரல்பட நிறுத்தி, இஃது இன்னது கூறும், அஃது இன்னது மறுக்கும் என்று எண்ணிச் செல்வர். அஃது ஒருவகையிற் பயனுடையதே. ஆயினும், ஒரு சமயத்தின் வடிவம் கொள்கையால் மட்டும் அமைவதன்று. அக்கொள்கை பற்றி வழக்கு எழுந்தபோது தீர்ப்புக் கூறினவர் யாவர், அத்தீர்ப்பை நிலைநிறுத்த முற்பட்ட ஆற்றல் யாது என்பவற்றாலும் அமைவதாகும். இந்நெறி பற்றி நோக்கின், இருசமய வரலாறும் ஒன்றற்கொன்று விளக்கமாதல் இனிது புலப்படும்.

அதற்கு ஏற்றதொரு பொதுவிடமும் உளது. இறைவனது சொல் என்றுமுள்ளதோ, அன்றிப் படைக்கப்பட்டதோ என்னும் ஒரே வினா, ஐந்நூறாண்டு இடையிட்டு, இவ்விரு சமயங்களையும் கலக்கிற்று. வேதம் நித்தியமோ இறைவனாற் செய்யப்பட்டதோ என்று மீமாஞ்சகரும் நையாயிகரும் நெடுங்காலம் வாதிட்டமை கற்றறிந்தோர்க்கு அவ்வினாவின் அருமை விரித்துரைக்க வேண்டுவதின்று. கிறிஸ்து சமயத்தில் அவ்வழக்கு கி. பி. 325 ஆம் ஆண்டில் நீசேயா நகரிற் கூடிய சங்கத்தின்கண் ஆராயப்பட்டது. இஸ்லாத்தில் 833 ஆம் ஆண்டிற் பாக்தாது நகரில் எழுப்பப்பட்டது. இரண்டினும் பேரரசர் தாமே முன்வந்து கைவைத்தனர். அதன்பின் நிகழ்ந்தவை ஒப்பிட்டு ஆராயத்தக்கன.

தோற்றமும் சூழலும்

இயேசுநாதர் வாழ்ந்த யூதேயா நாடு உரோமப் பேரரசுக்கு அடங்கியிருந்தது. கி. பி. 26 முதல் 36 வரை அந்நாட்டை நிருவகித்த பொந்தியு பிலாத்து என்னும் உரோம அதிகாரியின் ஆணையால் அவர் சிலுவையில் அறையப்பட்டார். ஆகவே அச்சமய வரலாறு அரசு விதித்த கொலைத் தண்டனையோடு தொடங்குகின்றது. 64 ஆம் ஆண்டில் உரோம நகரம் தீப்பற்றி எரிந்தபின், நீரோ மன்னன் அப்பழியைக் கிறிஸ்தவர்மேற் சுமத்தி வதைத்தான். 250 ஆம் ஆண்டில் தேசியுஸ் என்னும் பேரரசன், குடிகள் யாவரும் உரோமத் தெய்வங்கட்குப் பலியிட்டு, இட்டமைக்குச் சான்றோலையும் பெறுக என ஆணையிட்டான். 303 ஆம் ஆண்டில் தியோக்கிலேத்தியன் கோயில்களை இடிக்கவும் வேதநூல்களைத் தீயிலிடவும் கட்டளை பிறப்பித்தான்.

இங்ஙனம் ஏறக்குறைய முந்நூறாண்டுகள் உரோம நாட்டினுள் அச்சமயத்தார்க்குப் படையுமில்லை, நீதிமன்றமுமில்லை. அவர்களை ஒருங்கு பிணித்தவை, ஊர்தோறும் அமைந்த மேற்றிராணியார் தலைமையும், ஓர் ஊர்ச் சபை மற்றோர் ஊர்ச் சபைக்கு விடுத்த திருமுகங்களும், கருத்து வேறுபட்டுழிக் கூடிய சிறு சங்கங்களுமேயாம். புதிய ஏற்பாட்டு நூல்களின் வரையறையும் அங்ஙனமே மெல்ல மெல்ல அமைந்தது. இன்று வழங்கும் இருபத்தேழு நூல்களும் கூடாமலும் குறையாமலும் நிரல்பட எண்ணப்பட்டிருத்தலை 367 ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியா மேற்றிராணியார் அதனாசியுஸ் விடுத்த திருமுகத்தில் முதன்முதற் காண்கின்றோர் வரலாற்றாசிரியர். அரசின் துணையின்றி வளர்ந்த அச்சமயம், தன்னைத் தாங்குதற்குரிய குருமார் நிரலையும் சங்க முறையையும் தானே கட்டிக்கொண்டது.

இஸ்லாத்தின் தோற்றம் வேறுவகையினது. நபிகள் நாயகம் மக்கமா நகரில் 610 ஆம் ஆண்டு முதல் இறையருள் வெளிப்பாட்டைப் பெற்று உபதேசித்தபோது, அவர்தம் குழுவினரும் இகழப்பட்டனர், துன்புறுத்தப்பட்டனர். ஆயின் அந்நிலை முந்நூறாண்டு நீடித்ததன்று. 622 ஆம் ஆண்டில் மதீனா நகர்க்குப் பெயர்ந்தபின், நபிகள் நாயகம் ஆசிரியராகவும், வழக்குத் தீர்ப்பவராகவும், உடன்படிக்கை செய்பவராகவும், படைத்தலைவராகவும் ஒருங்கே விளங்கினர். 630 ஆம் ஆண்டில் மக்கமா நகர் அவர்வயமாயிற்று; 632 ஆம் ஆண்டில் அவர் மறைந்தனர். அதன்பின் நூறாண்டு முற்றுமுன் அவர்வழி வந்தோர் ஆட்சி ஸ்பெயின் முதற் சிந்து நாடுவரை பரந்தது. திருக்குர்ஆனும் மூன்றாம் கலீபாவாகிய உதுமான் காலத்தில், ஏறக்குறைய 650 ஆம் ஆண்டளவில், அதாவது நபிகள் மறைந்து இருபதாண்டு அளவிலேயே, ஒரு பாடமாக எழுதப்பட்டு நாடெங்கும் அனுப்பப்பட்டது என்பது மரபு. முன்னதன் நூல் வரையறைக்கு நூற்றாண்டுகள் வேண்டியிருக்க, பின்னதற்கு ஒரு தலைமுறை போதுமானதாயிற்று.

ஆயினும் விரைவில் வந்த ஆட்சி தனக்குரிய இன்னலையும் உடன்கொணர்ந்தது. இஸ்லாத்தில் எழுந்த முதற் பெரும்பிணக்கு இறைவனியல்பு பற்றியதன்று. நபிகட்குப்பின் தலைமை யார்க்குரியது என்பது பற்றியதேயாம். 656 இல் உதுமான் கொல்லப்பட்டார். 657 இல் ஸிப்பீன் களத்தில் முஸ்லிம்கள் இருதிறத்தாராய்ப் பொருதனர். 661 இல் நான்காம் கலீபாவாகிய அலி கொல்லப்பட்டார். 680 இல் நபிகளின் பேரராகிய ஹுசைன் கர்பலாவில் உயிர்நீத்தார். சுன்னி, ஷியா என்னும் பிரிவுகளுக்கு வேர் இந்நிகழ்ச்சிகளிலேயே உளது. கிறிஸ்து சமயத்திலோ பெரும்பிளவுகள் கிறிஸ்து யாவர் என்னும் தத்துவ வழக்கிலிருந்து கிளைத்தன. ஒன்றிற் பிளவு தத்துவத்திற் பிறந்து அரசியலாய் முற்றிற்று. மற்றொன்றிற் பிளவு அரசியலிற் பிறந்து தத்துவமாய் முற்றிற்று என்னலாம்.

நீசேயா

311 ஆம் ஆண்டிலும் 313 ஆம் ஆண்டிலும் பிறந்த ஆணைகளால் கிறிஸ்தவர்க்கு உரோம நாட்டில் வழிபாட்டுரிமை கிடைத்தது. கான்ஸ்தந்தீன் பேரரசன் அவர்கட்குப் புரவலனாயினான். அந்நிலையில் அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்னும் குரு ஒரு கொள்கையை நாட்டினார். யோவான் சுவிசேஷம் கிறிஸ்துவை இறைவனது வார்த்தை என்று கூறும். அவ்வார்த்தையாகிய மகன் ஏனைப் படைப்புக்கள் யாவற்றினும் மேலானவராயினும், தந்தையைப்போல் அநாதியல்லர், தந்தையால் ஆக்கப்பட்டவரே என்பது ஆரியுஸ் துணிபு. கடவுள் ஒருவர் என்னும் கொள்கைக்கு ஊறு நேராது காத்தலே அவர்தம் கருத்து. மறுதலையார், படைக்கப்பட்ட ஒருவர் ஏனைப் படைப்புக்களைக் கடவுளோடு கூட்டுவிக்க வல்லுநராகார் என்றும், ஆகவே மகனும் தந்தையோடு ஒப்ப அநாதியே என்றும் வாதிட்டனர்.

பேரரசனுக்கு முதலில் இவ்வழக்கின் ஆழம் விளங்கிற்றில்லை. இது பயனற்ற சிறு வினா, இருவரும் சமாதானமாகுக என்று திருமுகம் விடுத்தான். அது பயன்படாதொழியவே, 325 ஆம் ஆண்டில் நீசேயாவில் மேற்றிராணியார் சங்கத்தைக் கூட்டினான். அதற்கு வந்தோர் 318 பேர் என்பது மரபு. தந்தையும் மகனும் ஒரே பொருண்மையுடையர் என்று சங்கம் வரையறுத்தது. ஆரியுஸும் அவரோடு நின்ற இரு மேற்றிராணியாரும் நாடு கடத்தப்பட்டனர். சமயத் தீர்ப்புக்கு அரச தண்டனை துணையானமை ஈண்டுக் காண்க. பதினான்கு ஆண்டுகட்கு முன்வரை அரசனால் வதையுண்டவர்களே, இப்பொழுது தம்முள் மாறுபட்டாரை ஒறுத்தற்கு அரசனை நாடினர்.

ஆனால் நிகழ்ந்தது யாது? அரசன் மனம் சில ஆண்டுகளில் மாறிற்று. ஆரியுஸ் திரும்ப அழைக்கப்பட்டார். நீசேயாத் தீர்ப்புக்கு அரணாய் நின்ற அதனாசியுஸ் 335 ஆம் ஆண்டில் அதே கான்ஸ்தந்தீனாலேயே நாடு கடத்தப்பட்டார். 337 ஆம் ஆண்டில் மரணப் படுக்கையிற் பேரரசனுக்கு ஞானஸ்நானம் அளித்தவரும் ஆரியுஸுக்கு நண்பராயிருந்த நிக்கொமேதியா நகரத்து எவுசேபியுஸே. கான்ஸ்தந்தீன் மகனாகிய கான்ஸ்தான்சியுஸ் நீசேயாச் சொல்லையே நீக்கிவிட முயன்றான். அவன் வற்புறுத்தலால் 359 ஆம் ஆண்டிற் கூடிய சங்கங்கள் அச்சொல்லைக் கைவிட்டன. அதனாசியுஸ் தம் வாழ்நாளில் ஐந்துமுறை நாடு கடத்தப்பட்டார். 381 ஆம் ஆண்டில் தியோதோசியுஸ் காலத்துக் கான்ஸ்தாந்திநோபிள் சங்கத்தின் பின்னரே நீசேயாக் கோட்பாடு பேரரசில் உறுதியாயிற்று. இடைப்பட்ட ஐம்பத்தாறு ஆண்டுகளில் அரசர் ஆதரவு பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தே நின்றது. ஆதலின் நீசேயாக் கோட்பாட்டை அரசனே நிலைநிறுத்தினான் என்பார் கூற்று வரலாற்றோடு முழுதும் பொருந்துவதன்று.

வாளின் துணையை ஏற்றமையால் விளைந்த கேடும் மறைக்கற்பாலதன்று. 385 ஆம் ஆண்டளவில் ஸ்பெயின் நாட்டுப் பிரிசிலியன் என்பார், கிறிஸ்தவ மேற்றிராணியார் சிலர் தொடுத்த வழக்கின் முடிவிற் கிறிஸ்தவ அரசனால் திரியர் நகரிற் கொல்லப்பட்டார். தூர்ஸ் நகரத்து மார்ட்டின், மிலான் நகரத்து அம்புரோசியார் முதலிய சான்றோர் அக்கொலையைக் கண்டித்தனர். அவ்வம்புரோசியாரே 390 ஆம் ஆண்டில், தெசலோனிக்கா நகரத்தாரைக் கொல்வித்த தியோதோசியுஸ் பேரரசனைப் பிராயச்சித்தம் செய்யும்படி பணித்தவர். அரசனுக்கு அடங்கும் இயல்பும், அரசனை இடித்துரைக்கும் இயல்பும் அச்சமயத்தில் ஒருங்கே வளர்ந்தன.

பாக்தாது

இஸ்லாத்திற் கலீபாக்கள் நபிகளின் ஆட்சிப் பொறுப்புக்கு உரியராயினர். ஆயின் நபிகளின் போதகப் பொறுப்புக்கு உரியவர் யாவர் என்பது தெளிவுபட வரையறுக்கப்படவில்லை. மதீனா, கூபா, பஸ்ரா முதலிய நகரங்களில் இறைமொழியையும் நபிகள் வழக்காற்றையும் ஓதியுணர்ந்த அறிஞர் தாமே சூழ மாணவரைக் கூட்டிச் சட்டநெறி வகுத்தனர். அபூ ஹனீபா (மறைவு 767), மாலிக் (795), ஷாபிஈ (820), அகமது இப்னு ஹன்பல் (855) என்னும் நால்வர் பெயரால் வழங்கும் சுன்னிச் சட்டநெறிகள் இங்ஙனம் தோன்றியவை. இவர்கட்குக் குருப்பட்டமில்லை; மேற்றிராணியார் நிரலில்லை; சங்கத் தீர்ப்புமில்லை. கல்வியும் ஒழுக்கமும், அவைகண்டு மக்கள் வைத்த நம்பிக்கையுமே இவர்தம் அதிகாரம்.

813 முதல் 833 வரை ஆண்ட மாமூன் கலீபா பேரறிவினன். கிரேக்க நூல்களை அரபு மொழியிற் பெயர்ப்பித்தவருட் சிறந்தோன். முஃதஸிலா என்னும் தருக்கக் கூட்டத்தார் கொள்கையில் அவன் உள்ளம் படிந்தது. இறைவன் ஒருவனே அநாதி. திருக்குர்ஆனும் அநாதியெனின் அநாதிப்பொருள் இரண்டாகும். ஆகவே குர்ஆன் படைக்கப்பட்டதே என்பது அக்கூட்டத்தார் வாதம். ஆரியுஸ் வாதத்தோடு இஃது எத்துணை ஒத்துளது என்பது வெளிப்படை. இவ்வொப்புமையை மாமூனே உணர்ந்திருந்தான். அவன் பாக்தாது அதிகாரிக்கு விடுத்த திருமுகங்களுள், குர்ஆன் படைக்கப்படாதது என்பார், இயேசு இறைவனது வார்த்தையாதலிற் படைக்கப்படாதவர் என்னும் கிறிஸ்தவரை ஒப்பர் எனக் குறித்துள்ளான்.

833 ஆம் ஆண்டில் அவன் நீதிபதிகளையும் அறிஞரையும் இக்கொள்கை பற்றிச் சோதிக்கும்படி ஆணையிட்டான். இச்சோதனை ‘மிஹ்னா’ எனப்படும். பெரும்பாலார் அஞ்சி இசைந்தனர். அகமது இப்னு ஹன்பலும் முகம்மது இப்னு நூஹ் என்பாரும் உறுதிகுன்றாது நிற்க, அவ்விருவரும் விலங்கிடப்பட்டுக் கலீபாவிடம் அனுப்பப்பட்டனர். அவர் சேருமுன் மாமூன் இறந்தான். திரும்பும் வழியில் இப்னு நூஹும் இறந்தார். அடுத்த கலீபாவாகிய முஃதஸிம் முன்னிலையில் இப்னு ஹன்பல் கசையடி பட்டார். திருக்குர்ஆனிலிருந்தேனும் நபிகள் வழக்காற்றிலிருந்தேனும் சான்று காட்டுக என்பதே அவர் விடையாயிருந்தது என்பர். அவர் இறுதிவரை இசைந்திலர் என்பது அவர்தம் மாணவர் மரபு போற்றும் செய்தி. மூன்றாமவனாகிய வாஸிக் காலத்தில், 846 ஆம் ஆண்டில், அகமது இப்னு நஸ்ர் என்பார் கொல்லப்பட்டார்.

845 ஆம் ஆண்டில் நிகழ்ந்ததொன்று அச்சோதனையின் கொடுமையை நன்கு காட்டும். இலாமுஸ் ஆற்றங்கரையில் முஸ்லிம் அரசும் கிறிஸ்தவப் பேரரசும் போர்க்கைதிகளை மாற்றிக்கொண்டன. அப்பொழுது வாஸிக், மீட்கப்பட வேண்டிய முஸ்லிம்களையும் குர்ஆன் படைக்கப்பட்டதா என வினவும்படி பணித்தான். படைக்கப்பட்டதென்று ஒப்பினார் மீட்கப்பட்டனர். ஒப்பாதார் பகைவர் கையிலேயே விடப்பட்டனர். ஒரே தொழுகையும் ஒரே வேதமும் உடையவர்கள், நுண்ணியதொரு தருக்க வினாவினால் அந்நியராக்கப்பட்டனர்.

வாஸிக்குக்குப்பின் வந்த முதவக்கில் அச்சோதனையைப் படிப்படியாக நிறுத்தினான். மூன்று கலீபாக்களின் வலிமை, விலங்கு பூண்டு நின்ற ஓர் ஆசிரியரின் உறுதிமுன் பயன்படாது போயிற்று. ஆயினும், சோதனையை நிறுத்தினமை பற்றி முதவக்கிலைப் பொறையுடையான் என்றலும் அமையாது. 850 ஆம் ஆண்டையொட்டி அவன் கிறிஸ்தவரும் யூதரும் உடையால் வேறுபடுத்தப்பட வேண்டுமென விதித்தான். கர்பலாவில் ஹுசைன் அடக்கத்தலத்தையும் இடிப்பித்தான். வாள் உறையிற் புகுந்ததன்று; வேறு திசையில் திரும்பிற்று.

அக்காலத்துக் கான்ஸ்தாந்திநோபிள்

பாக்தாதில் நிகழ்ந்ததற்கு ஒப்பான செயல் அதே காலத்திற் கிறிஸ்தவப் பேரரசிலும் நிகழ்ந்துகொண்டிருந்தது. திருவுருவங்களை வணங்கலாகாது என்பது அங்கு அரசாணையாயிருந்தது. எட்டாம் நூற்றாண்டில் மூன்றாம் லியோ தொடங்கிய அவ்வுருவ மறுப்பை 754 ஆம் ஆண்டிற் கூடிய சங்கம் உடன்பட்டது. 787 ஆம் ஆண்டில் மீண்டும் நீசேயாவிற் கூடிய சங்கம் அதனை மறுத்தது. 815 இல் மறுபடியும் மறுப்பே ஆணையாயிற்று. 843 ஆம் ஆண்டில் தியோதோரா அரசியின் காலத்தில் உருவ வழிபாடு நிலைபெற்றது. திருவுருவ வழிபாட்டுக்கு வலிமிக்க நூல்கள் இயற்றிய தமாஸ்கு நகரத்து யோவான், முஸ்லிம் கலீபாக்களின் ஆட்சிக்குள் வாழ்ந்தமையாற் கிறிஸ்தவப் பேரரசனின் சினத்துக்கு எட்டாதவராயினர். சமயநெறிக்கு விதி வகுத்தல் அரசர்க்குரிய தொழிலன்று என்றும் அவர் எழுதினார். கிறிஸ்தவ அரசனுக்கு அஞ்சாது கிறிஸ்தவக் கொள்கையை எழுதுதற்கு முஸ்லிம் ஆட்சி இடமாயினமை வரலாற்றின் வியத்தகு செய்தியாகும்.

இது தனிநிகழ்ச்சியுமன்று. 451 ஆம் ஆண்டில் கல்கேதோன் சங்கம் கிறிஸ்துவின் இருவகை இயல்பு பற்றி வரையறுத்ததை எகிப்து, சிரியா நாட்டுக் கிறிஸ்தவருட் பெரும்பாலார் ஏற்றிலர். பேரரசர் அவரைப் பலவாறு வருத்தினர். எகிப்தியத் திருச்சபைத் தலைவராகிய பெஞ்சமின் பல்லாண்டுகள் ஒளிந்து வாழ்ந்து, அந்நாடு அரபியர் வசமான பின்னரே, அம்ர் என்னும் தளபதியிடம் அபயம் பெற்று வெளிப்பட்டார். கீழ்த்திசைத் திருச்சபையின் தலைவராகிய திமொத்தேயுஸ் எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மஹ்தி கலீபாவின் அவையில் அமர்ந்து இருசமயக் கொள்கைகளையும் பற்றி அவனோடு உரையாடினார். புறச்சமயத்தார்பால் ஓரளவு பொறுமை காட்டிய அரசர், தம் சமயத்துள் மாறுபட்டாரைப் பொறுக்கலாற்றாமை இருபாலும் ஒப்பக் காணப்படுகின்றது.

ஒப்புநோக்கின் முடிபு

இவற்றால் இருசமயத்தின் வேறுபாடு விளங்கும். கிறிஸ்து சமயம் சங்கத்தால் கோட்பாடு வகுக்கும் முறையை மேற்கொண்டது. ஆதலின் அதன் பிளவுகள் சங்கத் தீர்ப்புக்களின் பெயரால் எண்ணப்படுவன. மேற்றிசையிற் பேரரசு 476 ஆம் ஆண்டில் வீழ, உரோம நகரத்து மேற்றிராணியார் தலைமை ஓங்கிற்று. கீழ்த்திசையிற் பேரரசன் நிழலிலேயே திருச்சபை நெடுங்காலம் நின்றது. 1054 ஆம் ஆண்டுப் பிணக்கு அவ்விரண்டன் பிரிவுக்கு அடையாளமாயிற்று. சுன்னி இஸ்லாத்திலோ, மிஹ்னாவின் தோல்விக்குப்பின், கோட்பாடு உரைக்கும் உரிமை அரியணையை நீங்கி அறிஞர் திண்ணையை அடைந்தது. கலீபாவின் அரசியல் வலிமை பத்தாம் நூற்றாண்டிற் குன்றியபோதும், 1258 ஆம் ஆண்டில் மங்கோலியர் பாக்தாதை அழித்தபோதும், 1924 ஆம் ஆண்டில் துருக்கியர் கலீபாப் பதவியையே ஒழித்தபோதும், சட்டநெறிகளும் கல்விமரபும் அறுபடாது நின்றமைக்கு இதுவே காரணம். ஷியா மரபு இமாம்பால் அவ்வுரிமையை வைத்துப் பிறிதொரு நெறியில் வளர்ந்தது.

இனி ஒற்றுமை யாதெனின், அரசாணை ஒரு கொள்கையை நாட்டவும் போதாது, ஒரு கொள்கையை அழிக்கவும் போதாது என்பதேயாம். நீசேயாக் கோட்பாடு அரசர் பகைத்த ஆண்டுகளையும் கடந்து நின்றது. படைப்புக் கொள்கை மூன்று கலீபாக்கள் காத்தும் பெருவழக்காகவில்லை. தோல்வியுற்ற கொள்கைகளும் உடனே மாய்ந்தில. ஆரியுஸ் மரபினதாகிய கொள்கை பேரரசிற் கடியப்பட்ட பின்னும் கோதியர் முதலிய இனத்தாரிடை இருநூறாண்டு நிலவிற்று. ஸ்பெயின் கோதியர் அதனைக் கைவிட்டது 589 ஆம் ஆண்டிலேயே. கல்கேதோனை ஏலாத எகிப்திய, சிரிய, ஆர்மீனியத் திருச்சபைகள் இன்றும் உள்ளன. முஃதஸிலா வாதங்கள் ஷியா அறிஞர் நூல்களில் இடம்பெற்று வாழ்ந்தன. அவர்களை மறுத்த அஷ்அரியும், அவர் வழிவந்தோரும் அம்முஃதஸிலாக்களின் தருக்க முறையையே கருவியாகக் கொண்டனர். வாளால் வெல்லப்படாதது, வாதத்தால் ஆராயப்பட்டுத் தன் மறுதலையார்க்கும் ஒருபகுதி பயன்பட்டது.

இறைவனது சொல்லின் பெருமையைக் காக்கவேண்டும் என்பதே ஆரியுஸை மறுத்தார்க்கும், இப்னு ஹன்பலுக்கும் கருத்து. இறைவனது ஒருமையைக் காக்கவேண்டும் என்பதே ஆரியுஸுக்கும் முஃதஸிலாக்களுக்கும் கருத்து. நான்கு திறத்தாரும் இறைவன்பாற் பத்தியுடையாரே. அவர்தம் வழக்கு நூலிலும் அவையிலும் நிகழ்ந்தவழி அறிவு வளர்ந்தது; அரசன் கைக்குச் சென்றவழி விலங்கும் கசையும் நாடுகடத்தலும் வளர்ந்தன. இரு பெருஞ்சமயங்களின் முதலெழுநூறு ஆண்டு வரலாறு ஏனைச் சமயத்தார் யாவர்க்கும் கற்பிக்கும் பாடம் இதுவே: தன் கொள்கை உண்மையென்று துணிந்தார் அதனை நிறுவ அரசனை வேண்டார், வேண்டினாராயின், அவ்வரசன் மனம் மாறும் நாளையும் எதிர்நோக்கியிருத்தல் வேண்டும்.